தோட்டத்து மண்ணில் கையெறி குண்டுகள்

வட சிலாங்கூர் வரலாறு – 17

வட சிலாங்கூரில் ஒரு பழைய கையெறி குண்டு சேகரிப்புக்கு வந்து சேர்ந்தால், அது நான்கு காலங்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். 1942 ஜனவரியில் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் இங்கே மோதிய சில நாட்கள் முதலாவது. 1945 வரை நீண்ட ஜப்பானியர் ஆட்சி இரண்டாவது. அந்த ஆட்சியின் கடைசி மாதங்களில், காட்டுக்குள் இயங்கிய ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு விமானத்திலிருந்து ஆயுதம் இறங்கிய காலம் மூன்றாவது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் நான்காவது. அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை என்று தமிழர் பால்வெட்டிப் பிழைத்த வட்டாரம் முழுவதும் இந்த நான்கையும் கடந்து வந்தது. ஒரே வகைக் குண்டு நான்கு காலத்திலும் புழங்கியதால், வகையின் பெயரைச் சொன்னதோடு அடையாளம் முடிந்துவிடாது. வகை, ஆண்டு, கிடந்த இடம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் அது யார் கையிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியும்.

களம்

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 ஆம் தேதி கோத்தா பாருவில் தரையிறங்கினர். நான்கு வாரத்துக்குள் போர் சிலாங்கூரைத் தொட்டது. 1942 ஜனவரி 2 ஆம் தேதி கோலசிலாங்கூர்க் கடற்கரையை நெருங்கிய ஜப்பானியப் படகுகளைப் பிரிட்டிஷ் தரப்பின் பீரங்கிகள் திருப்பி அனுப்பின. ஆனால் வடக்கே பேராக் கரையில் இறங்கிய படை கரையோரமாகவே தெற்கு நோக்கி வந்தது. அடுத்த சில நாட்கள் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் சண்டை நடந்தது. ஜனவரி 7 இல் சிலிம் ரிவரில் பட்ட அடிக்குப் பிறகு பிரிட்டிஷ் தரப்பு தெற்கே பின்வாங்கியது. 11 ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது.

பின்வாங்கிய படை விட்டுச் சென்ற ஆயுதங்கள் பல பக்கம் பிரிந்தன. பெரும்பகுதி ஜப்பானியர் வசமானது. பிறகு இந்திய தேசிய இராணுவத்துக்கு அவர்கள் வழங்கியவை பெரும்பாலும் இப்படிப் பிடிபட்ட பிரிட்டிஷ் ஆயுதங்களே. தோட்டத்திலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் பயிற்சி எடுத்ததும் அவற்றைக் கொண்டுதான். இன்னொரு பகுதியை மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை சண்டை நடந்த இடங்களில் தேடிப் பொறுக்கிக் காட்டுக்குள் கொண்டுபோனது. பிரிட்டிஷ் இந்தியப் படை, இந்திய தேசிய இராணுவம், இந்தக் காட்டுப் படை ஆகிய மூன்று தரப்பும் ஒரே மாதிரிக் குண்டை வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

மில்ஸ் குண்டு

பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையெறி குண்டு மில்ஸ் குண்டு. பர்மிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மில்ஸ் அதை 1915 இல் உருவாக்கினார். வார்ப்பிரும்பு உடல், குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஆழமான பள்ளங்கள், தோளிலிருந்து வயிற்றுவரை வளைந்து படியும் உலோக லீவர், லீவரைத் தாங்க மேலே இரண்டு காதுகள், அவற்றினூடே செல்லும் பின், பின்னில் தொங்கும் வளையம் ஆகியவை அதன் அடையாளங்கள். தோள்பக்கம் வெடிமருந்து நிரப்பும் துளையை மூடும் சிறிய திருகு இருக்கும். அடிப்பக்கத்தை ஒரு பெரிய திருகுமூடி அடைத்திருக்கும். பள்ளங்கள் சிதறலுக்காக வெட்டப்பட்டவை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அவை கைப்பிடிமானத்துக்காக அமைந்தவை. உண்மையில் உடல் வெடிக்கும்போது பள்ளத்தின் வழியே ஒழுங்காக உடைவதில்லை; பெரிதும் சிறிதுமாகத் தாறுமாறாகச் சிதறும்.

மில்ஸ் குடும்பத்தில் மூன்று எண்கள் முக்கியமானவை. 1915 இல் வந்த 5 ஆம் எண் கையால் மட்டும் எறிவதற்கானது. அதன் அடிமூடியில் நடுத்துளை கிடையாது. 23 ஆம் எண்ணின் அடிமூடியில் திருகுமரையோடு ஒரு துளை உண்டு. அதில் ஒரு கம்பியைப் பொருத்தித் துப்பாக்கிக் குழாய்க்குள் செருகிச் சுடுவார்கள். 1918 இல் வந்த 36 ஆம் எண்ணின் அடிமூடியிலும் மரைத் துளை உண்டு. அது ஒரு வட்டத் தகட்டைப் பொருத்துவதற்கு. தகடு பொருத்திய குண்டைத் துப்பாக்கி முனையில் மாட்டிய கிண்ணத்தில் வைத்துச் சுடுவார்கள். மலாயாவுக்கு வந்த இந்தியப் படையிடம் இருந்தது இந்த வரிசையின் 36 எம் மார்க் 1. எம் என்ற எழுத்து மெசொப்பொத்தாமியாவைக் குறிக்கும். அந்தப் போர்முனையின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவதற்காகக் குண்டின் பொருத்துகள் அரக்குப் பூசி அடைக்கப்பட்டன. ஈரம் குறையாத சிலாங்கூர் மண்ணில் இந்த அடைப்பு ஆபத்தான பலனைத் தருகிறது. வெளியே துரு ஏறிச் சட்டையுரிந்து கிடக்கும் குண்டின் உள்ளே மருந்து உலர்ந்தே இருக்கலாம்.

36 எம் குண்டு சுமார் 765 கிராம் எடையும் 95 மில்லிமீட்டர் உயரமும் 61 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. கையால் எறிவதற்கு முதலில் 7 விநாடித் திரி போடப்பட்டது. 1940 இல் பிரான்ஸ் போர்முனையில் எதிரிகள் விலகியோடவோ குண்டைத் திருப்பி எறியவோ அந்த நேரம் போதுமாயிருந்ததால், கையெறிக்கு 4 விநாடித் திரி வந்தது. கிண்ணத்திலிருந்து சுடுவதற்கு 7 விநாடியே நீடித்தது. வெளிப்பார்வைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அடிமூடியும் வண்ணமும்

மில்ஸ் குண்டின் பிறப்புச் சான்று அதன் அடிமூடியில் இருக்கிறது. எண், மார்க், செய்தவரின் முதலெழுத்துகள், பெரும்பாலும் ஆண்டும் அதில் வார்க்கப்பட்டோ பொறிக்கப்பட்டோ இருக்கும். இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 36 எம் செய்யப்பட்டது. ஆகவே எழுத்துகள் நாட்டையும் காட்டும்.

ஆண்டு முத்திரை ஒரு பக்க எல்லையை மட்டுமே தரும். 1943 என்று பொறித்த குண்டு 1942 ஜனவரிச் சண்டையில் விழுந்திருக்க முடியாது. அது 1945 இல் விமானத்திலிருந்து இறங்கியதாகவோ அவசரகாலத்தில் வந்ததாகவோ இருக்க வேண்டும். மறுபக்கம் இந்த வாதம் செல்லாது. 1940 என்று பொறித்த குண்டு 1942 இல் விழுந்திருக்கலாம்; பத்து ஆண்டு கழித்து அவசரகாலக் காவற்படையிடமிருந்தும் விழுந்திருக்கலாம். உடலும் அடிமூடியும் வெவ்வேறு குண்டுகளிலிருந்து சேர்க்கப்பட்டவையாக இருப்பதும் சேகரிப்புகளில் சாதாரணம். மூடியின் துரு உடலின் துருவோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

தோட்ட மண்ணில் வண்ணம் நிலைப்பதில்லை. ஆனால் டப்பாவிலோ பெட்டியிலோ இருந்த குண்டில் அது தங்கியிருக்கும். மேற்பாதியைச் சுற்றிப் பெருக்கல் குறி போன்ற சிவப்புக் குறிகள் வரிசையாக இருந்தால் குண்டு மருந்து நிரப்பி மூடப்பட்டது என்று பொருள். வயிற்றைச் சுற்றிய பச்சைக் கோடும் இளஞ்சிவப்புக் கோடும் உள்ளே இருக்கும் மருந்தின் வகையைக் குறிக்கும். வண்ணம் இல்லாதது வெறுங்குண்டு என்பதற்கு அடையாளமல்ல.

ஜப்பானியக் குண்டுகள்

ஜப்பானியக் குண்டில் லீவர் கிடையாது. மில்ஸோடு அதைப் பிரித்தறிய இந்த ஒன்றே போதும். பெரும்பாலான வகைகளில் உடலின் மேல் ஒரு பித்தளைத் தலை திருகப்பட்டிருக்கும். கயிறு கட்டிய இரட்டைக்கால் பின்னை உருவி, தலையைத் தலைக்கவசத்திலோ கல்லிலோ தட்டினால் திரி பற்றும். தட்டியபின் எறிய வேண்டும். லீவரை அழுத்திப் பிடித்துக் காத்திருக்கும் வசதி இதில் இல்லை.

வகை எண்ணை ஆண்டாக மாற்றத் தெரிந்தால் ஜப்பானிய வரிசை எளிதில் பிடிபடும். ஜப்பானியர் தங்கள் பேரரசின் தொடக்கத்தைக் கிறிஸ்துவுக்கு முன் 660 என்று வைத்து ஆண்டைக் கணக்கிட்டனர். அதன்படி 2591 ஆம் ஆண்டு 1931. அந்த ஆண்டு ஏற்கப்பட்ட குண்டு வகை 91. வகை 97 என்றால் 1937. வகை 99 என்றால் 1939. 2600 ஆம் ஆண்டுக்குப் பிறகு கடைசி எண் மட்டும் நின்றது. ஆகவே வகை 4 என்பது 1944. வகை 91 க்கு முந்திய வகை 10 மட்டும் தைஷோ மன்னரின் 10 ஆம் ஆண்டான 1921 ஐக் குறிக்கும். உடலில் பொறித்த செய்த ஆண்டு வேறு கணக்கு. அது ஷோவா மன்னரின் ஆட்சியாண்டு. அதனுடன் 1925 ஐக் கூட்ட வேண்டும். ஷோவா 15 என்றால் 1940.

வகை 91 உம் வகை 97 உம் பள்ளம் வெட்டிய வார்ப்பிரும்பு உருளைகள். முதற்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். வித்தியாசம் அடியில் இருக்கிறது. வகை 91 இன் அடியில் மரைத்துளை உண்டு. அதில் உந்துமருந்துக் குப்பியைப் பொருத்தி, கையில் எடுத்துச் செல்லும் சிறுகுழல் பீரங்கியான வகை 89 இல் போட்டுச் சுடலாம். வாலைப் பொருத்தித் துப்பாக்கியிலிருந்தும் எய்யலாம். பறக்கும் நேரத்துக்காக அதன் திரி 7 முதல் 8 விநாடி. வகை 97 இன் அடி துளையின்றித் தட்டையாக இருக்கும். 4 முதல் 5 விநாடித் திரி கொண்ட இது கையால் எறிவதற்கு மட்டுமே. எடை சுமார் 450 கிராம். மில்ஸைவிட மெலிந்தது, கணிசமாக இலேசானது. மலாயாப் படையெடுப்பில் வந்த ஜப்பானியக் காலாட்படையின் வழக்கமான குண்டு இதுதான்.

வகை 99 இன் உடலில் பள்ளமே இல்லை. இரு முனையிலும் விளிம்பு வைத்த வழுவழுப்பான சிறு உருளை. சுமார் 300 கிராம். எந்த இயந்திரத்தின் பகுதியென்று தெரியாமல் பழைய இரும்போடு சேர்த்துவிடக்கூடியது. வகை 4 இரும்பே அல்ல, சுட்ட மண். போரின் இறுதியில் உலோகம் கிடைக்காமல், ஜப்பானின் பீங்கான் ஊர்களில் இந்த உருண்டைகள் செய்யப்பட்டன. ரப்பர் மூடியும் உரசித் தீமூட்டும் தலையும் கொண்ட இவை ஒக்கினாவாவிலும் இவோ ஜீமாவிலும் பயன்பட்டன. சீனக் குடத்தின் உடைசல் போன்ற வடிவம் கண்ணை ஏமாற்றும்.

சீனப் படைகளிடம் புழங்கிய குண்டு மரப்பிடி கொண்டது. ஜெர்மன் மாதிரியைப் பின்பற்றிய இந்தப் பிடிக்குண்டில் வகை எண் சீனக் குடியரசின் ஆண்டைக் குறிக்கும். 1911 ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். வகை 23 ஆகவே 1934. மரப்பிடி ஈர மண்ணில் மட்கிவிடும். எஞ்சுவது தகரத் தலையும் பிடியின் வாயிலிருந்த உலோக மூடியும்தான்.

வானிலிருந்து வந்தவை

பிரிட்டனின் இரகசியப் பிரிவான ஃபோர்ஸ் 136, 1943 இல் நீர்மூழ்கிக் கப்பலில் ஆட்களை மலாயாவில் இறக்கியது. 1945 இல் இலங்கையிலிருந்து பறந்த லிபரேட்டர் விமானங்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு ஆயுதங்களைப் பாராசூட்டில் இறக்கின. ஸ்டென் துப்பாக்கிகளும் குண்டுகளும் இப்படிக் காட்டுக்குள் வந்தன. இந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சரக்கில் மில்ஸ் தவிர வேறு வகைகளும் இருந்தன. 69 ஆம் எண் கறுப்புப் பேக்கலைட் உடலும் திருகுமூடியும் கொண்டது. எங்கே மோதினாலும் வெடிப்பது. 80 ஆம் எண் தகர உருளை. உள்ளே இருப்பது வெண்பாஸ்பரஸ். தகரம் துருப்பிடித்துத் துளை விழுந்து காற்றுப் பட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். 82 ஆம் எண்ணுக்குத் திடமான உடலே இல்லை. துணிப்பைக்குள் மருந்தை வைத்துக் கட்டும் இதை உருவாக்கியவர் பாராசூட் படைப்பிரிவின் கேப்டன் காமன். மண்ணில் அதன் தலை மட்டுமே மிஞ்சும்.

அமெரிக்காவின் மார்க் 2 குண்டை மில்ஸோடு குழப்புவோர் உண்டு. இரண்டுமே அன்னாசிப் பழம் போன்றவை. மார்க் 2 இல் லீவரும் பின்னும் சேர்ந்த தலைப்பகுதி முழுவதும் மேலிருந்து திருகப்பட்டு உடலிலிருந்து தனியாக நிற்கும். மில்ஸில் பொறி உடலுக்குள்ளேயே இருக்கும். அதை அடிமூடி வழியே பொருத்துவார்கள். முதலில் மஞ்சள் பூசப்பட்ட மார்க் 2, போரின் நடுவில் ஆலிவ் பச்சைக்கு மாறிக் கழுத்தில் மட்டும் மஞ்சள் வளையத்தை வைத்துக்கொண்டது.

1945 டிசம்பரில் எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டது. ஆயுதம் ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 டாலர் வழங்கப்பட்டது. ஒப்படைக்காமல் காட்டில் புதைத்து வைத்தவையும் உண்டு. மூன்றாண்டு கழித்து அவை மீண்டும் வெளியே வந்தன.

அவசரகாலம்

1948 ஜூன் 18 இல் மலாயா முழுவதும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் முள்வேலி எழுந்தது. தமிழர் உட்படப் பலர் சிறப்புக் காவலராகச் சேர்ந்தனர். அரசை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்ட் படையிடம் புதைத்து வைத்த பழைய மில்ஸ் இருந்தது. எதிரே நின்ற இராணுவத்திடமும் அதே மில்ஸ்தான் இருந்தது. அதனால் இந்தக் காலத்துக் குண்டை வகையால் பிரிக்க முடியாது. 1946 க்குப் பிந்திய ஆண்டு முத்திரை இருந்தால் அது அரசுத் தரப்பிலிருந்து வந்தது என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. பறிக்கப்பட்ட ஆயுதமும் இருந்ததால் அதுவும் உறுதியல்ல. காட்டுப் பட்டறையில் கையால் செய்த குண்டுகள் தனி வகை. குழாய்த் துண்டு, தகர டப்பா, சீரற்ற திருகு, முத்திரையின்மை ஆகியவற்றால் அவற்றை அறியலாம். அளவு எதுவும் எந்தப் படையின் அளவோடும் ஒத்துப்போகாது.

எறிந்த குண்டு எல்லாமே வெடித்துவிடுவதில்லை என்பதற்கு 1950 ஏப்ரலில் நடந்த ஒரு நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் ஆளுநர் பிராங்க்ளின் ஜிம்சன் மீது எறியப்பட்ட குண்டு அவர் காலில் பட்டும் வெடிக்கவில்லை. வெடிக்காமல் விழுந்த குண்டு பாதி வேலை முடித்த குண்டு. பின் ஏற்கெனவே உருவப்பட்டது. மண்ணில் கிடப்பவற்றில் இத்தகையதே மிக ஆபத்தானது.

ஆயுதத்தோடு பிடிபட்டால் மரண தண்டனை என்பது அன்றைய சட்டம். ராவாங் அருகே கைத்துப்பாக்கியோடு கைதான தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த நாட்களில் பால்காட்டில் குண்டைக் கண்டெடுத்தவர் அதைக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்வதைவிட ஆற்றில் எறிவதையே விரும்பியிருப்பார். கிடைத்த இடமும் முதலில் விழுந்த இடமும் ஒன்றே என்று கருதக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இரும்புப் பந்து

இந்த நான்கு காலத்துக்கும் முந்திய ஒரு வகையும் உண்டு. 1784 இல் டச்சுக்காரர் கோலசிலாங்கூரைப் பிடித்துப் புக்கிட் மெலாவத்திக் கோட்டையில் தங்கினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். 1871 இல் பிரிட்டிஷ் கப்பல் ரினால்டோ இந்தக் கோட்டையைச் சுட்டது. அந்நாளைய ஐரோப்பியப் படைகளின் கையெறி குண்டு உள்ளே குடைந்த இரும்புப் பந்து. துளையில் மரத்தாலான திரிக்கட்டை செருகியிருக்கும். பீரங்கிப் பந்து உள்ளே கெட்டி, துளையும் கிடையாது. அதே விட்டமுள்ள கெட்டிப் பந்தைவிடக் குடைந்த பந்தின் எடை தெளிவாகக் குறையும். கரிமருந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் உலர்ந்தால் எரியும் என்பதால், துளை உள்ள பந்தையும் புதிய குண்டைப் போலவே நடத்த வேண்டும்.

பயிற்சிக் குண்டும் போலியும்

பயிற்சிக்கான மில்ஸ் உடல்கள் வெள்ளை பூசப்பட்டு, பக்கத்தில் துளையிடப்பட்டிருக்கும். துளையின் விளிம்பு பழைய துருவோடு இருந்தால் அது படையிலேயே போட்ட துளை. பளபளப்பாக இருந்தால் பின்னாளில் யாரோ போட்டது. மருந்தை அப்புறப்படுத்தாமல் துளையிட்டவையும் கைமாறியிருக்கின்றன.

விற்பனைக்கு வரும் போலி வார்ப்புகளை எடையாலும் எழுத்தாலும் அறியலாம். அலுமினியமோ பிசினோ ஆனால் 765 கிராமை எட்டாது. அசலைக் கொண்டு அச்செடுத்த வார்ப்பில் எழுத்து மழுங்கியிருக்கும். அச்சு சேர்ந்த கோடு அழியாமல் நிற்கும். அடிமூடியின் மரை உடலோடு ஒட்டாமல் ஆடும்.

பதிவும் சட்டமும்

மலேசியாவின் 1957 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் கையெறி குண்டைத் தனியார் கையில் விட்டு வைப்பதில்லை. ஆயுதச் சட்டத்தின் வரையறையில் குண்டு அடங்குவதற்கு அது எந்தத் துப்பாக்கியோடும் பொருந்த வேண்டியதில்லை. தோட்டத்தில் மரம் தள்ளும்போதோ வாய்க்கால் வெட்டும்போதோ குண்டு தென்பட்டால், தொடாமல், நகர்த்தாமல், ஆட்களை விலக்கி 999 க்குத் தெரிவிக்க வேண்டும். காவல்துறையின் வெடிகுண்டு அழிப்புப் பிரிவு வந்து முடிவு செய்யும். வீட்டில் நெடுநாளாக இருக்கும் குண்டுக்கும் இதே முறைதான். அதைக் காரில் வைத்து நிலையத்துக்குக் கொண்டு செல்லக்கூடாது. 2005 ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பண்பாட்டு முக்கியத்துவம் உள்ளதாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும்.

வெடிபொருள் அகற்றப்பட்டதற்கான சான்று கிடைத்த பிறகே குண்டு அருங்காட்சியகப் பொருளாகிறது. கோலாலம்பூர் காவல்துறை அருங்காட்சியகத்திலும் போர்ட் டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்திலும் உள்ள ஆயுதங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதிவட்டையில் உயரம், விட்டம், எடை, உடலிலும் அடிமூடியிலும் உள்ள எழுத்துகள், வண்ணத்தின் மிச்சம், பின்னும் தலையும் இருக்கும் நிலை ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டும். அவற்றோடு எந்தத் தோட்டம், எந்த நிரை, எவ்வளவு ஆழம், அருகே வேறென்ன கிடந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். குண்டை அழிப்புப் பிரிவு வெடிக்கச் செய்தாலும், நகர்த்தும் முன் தூரத்திலிருந்து எடுத்த படமும் இந்தக் குறிப்பும் இருந்தால் அடையாளம் காண்பது தடைபடாது. இவை இல்லாமல் கண்ணாடிப் பேழைக்குள் வரும் மில்ஸ் குண்டு 1942 இன் பஞ்சாபிப் படைவீரனுடையதா, இந்திய தேசிய இராணுவத்தினருடையதா, காட்டுப் படையினுடையதா, வேலிக்காவல் நின்ற தமிழ்க் காவலருடையதா என்ற கேள்விக்கு எந்த நிபுணராலும் விடை சொல்ல முடியாது.

(தொடரும்)